ஏ1 டெஸ்டுக்கு 110 சிசி ஸ்கூட்டர் போதுமா? (பிரிட்டன்)

புதுஓட்டி:
அடுத்த மாதம் ஏ1 டெஸ்ட், அதாவது 125 சிசி வரையிலான பைக்குக்கான லைசென்ஸ் டெஸ்ட். என்னிடம் இருப்பது 110 சிசி ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர், நன்றாகத்தான் ஓடுகிறது, இதையே கொண்டுபோகலாமா, இல்லை வாடகைக்கு வேறு வண்டி எடுக்க வேண்டுமா? வண்டி ஓடினால் போதும் என்கிறான் நண்பன்.

சங்கிலிச்சத்தம்:
நண்பர் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். ஏ1க்கு 120 முதல் 125 சிசிக்குள் இருக்க வேண்டும், மணிக்கு 90 கிலோமீட்டரையாவது எட்ட வேண்டும், 110 சிசியோடு போய் நின்றால் டெஸ்டே நடக்காது, கட்டிய பணமும் போச்சு. 50 சிசி மொபெட் என்றால் ஏஎம் என்ற லைசென்ஸ் பிரிவு, அது தனிக் கதை. அப்புறம், ஆட்டோமேட்டிக்கில் தேறினால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான். கியர் வண்டி ஓட்டும் ஆசை துளி இருந்தாலும் இப்போதே கியரில் கொடுத்துவிடுங்கள்.

பழையகிளட்ச்:
எல்லாரும் சிசியை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே வண்டியைத் திருப்பி அனுப்பலாம். டயர் தேய்ந்திருக்கக் கூடாது. பழகுநர் என்று காட்டும் எல் பலகை முன்னாலும் பின்னாலும் இருக்க வேண்டும். வரி, காப்பீடு இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும், வாடகை வண்டி என்றால் காப்பீடு டெஸ்டுக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுஓட்டி:
சரி, கியர் வண்டியே எடுக்கிறேன். பிறகு அடுத்த நிலையான ஏ2 லைசென்ஸுக்குப் போனால் டெஸ்டுக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும்?

சங்கிலிச்சத்தம்:
குறைந்தது 395 சிசி, எஞ்சின் சக்தி 20 முதல் 35 கிலோவாட். பெரிய பைக்கின் சக்தியைக் குறைத்துக் கொண்டுவந்தால் அதற்கான அத்தாட்சிக் கடிதம் கையில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் எடுபடாது.