பழைய சாமானை அடுக்கி வைத்தால் சிற்பமா?

உளிச்சத்தம்:
நேராகவே கேட்கிறேன். சிற்பம் என்றால் பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாமா? கல்லில் மூக்கு கொஞ்சம் தப்பினாலும் அத்தனை மாத வேலையும் போச்சு. இப்போது என்னவென்றால் உடைந்த நாற்காலி, வாளி, டயர் என்று கிடைத்ததை அடுக்கி, பக்கத்துச் சுவரில் நீளமாக ஒரு விளக்கம் ஒட்டினால் சிற்பி ஆகிவிடலாம். 2015இல் இத்தாலியில், போல்சானோ நகர அருங்காட்சியகத்தில், காலி ஷாம்பெய்ன் பாட்டில்களைத் தரையில் பரப்பிய படைப்பு ஒன்றை விருந்து முடிந்த குப்பை என்று துப்புரவுப் பணியாளர்கள் பையில் அள்ளிவிட்டார்கள். அப்புறம் பையிலிருந்து எடுத்து மறுபடி பரப்பினார்களாம்! அள்ளியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சைக்கிள்செயின்:
இந்தக் கதையை இன்னும் எத்தனை தடவை சொல்வீர்கள்? மட்டமான கற்சிலையே உலகத்தில் இல்லையா என்ன. பிக்காசோ 1942இல் செய்த காளைத் தலையைப் பாருங்கள். பழைய சைக்கிள் சீட் ஒன்று, ஹேண்டில்பார் ஒன்று, அவ்வளவுதான். சீட்டின் ஒடுங்கிய நுனி கீழே வருகிற மாதிரி நிறுத்தியதும் அது காளையின் முகம் ஆகிவிடுகிறது, மேலே ஹேண்டில்பார் கொம்பு. உளியே படவில்லை. ஆனாலும் சைக்கிளும் தெரிகிறது காளையும் தெரிகிறது, கண் இரண்டையும் விட மாட்டேன் என்கிறது.

உளிச்சத்தம்:
அதையே பிறகு வெண்கலத்திலும் வார்த்தார்களே. பழைய சாமானே போதும் என்றால் வெண்கலம் எதற்கு?

சைக்கிள்செயின்:
வார்த்ததில் பாதி உயிர் போய்விட்டது என்பேன். தோல் எது இரும்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே உலோகம். என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள் நண்பரே :)

மூன்றாம்ஆள்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எல் அனட்சுயி பெயர் இன்னும் வரவில்லையே. கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் வேலை செய்தவர். மது பாட்டில் மூடிகளையும் கழுத்துத் தகடுகளையும் தட்டி, மடித்து, முறுக்கி, ஓட்டை போட்டுச் செம்புக் கம்பியால் கோத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிடுகிறார். தூரத்திலிருந்து சரிகைத் துணி, கிட்டப் போனால் மதுக் கம்பெனிகளின் பெயர்கள் அப்படியே படிக்கக் கிடைக்கும். அந்த மதுவோ ஐரோப்பியர் ஆப்பிரிக்காவில் நடத்திய வியாபாரத்திலும் அடிமை வணிகத்திலும் கைமாறிய சரக்கு, அதனால் மூடிக்குப் பதில் வேறு தகரத்தை வைத்தால் இந்தப் படைப்பே கிடையாது. இன்னொன்று, மடிப்பு எங்கே விழ வேண்டும் என்று அவர் அடித்துச் சொல்வதில்லை, மாட்டுகிறவர்கள் இஷ்டம். 2015இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வாங்கினார்.

உளிச்சத்தம்:
அனட்சுயி சரி, ஒப்புக்கொள்கிறேன். அத்தனை மூடியையும் கோப்பது கைவேலை. என் சண்டை, கடைச் சாமானையே கலை என்று காட்டிய டுஷாம்ப் என்ற கலைஞர் கூட்டத்தோடு. 1917இல் கடையில் ஒரு சிறுநீர்த் தொட்டியை வாங்கி, படுக்க வைத்து, ஆர். மட் என்று பொய்ப் பெயரில் கையெழுத்துப் போட்டு நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பிவிட்டார். இதில் கை எங்கே இருக்கிறது?

மூன்றாம்ஆள்:
இங்கேதான் வேடிக்கை. அந்தக் கண்காட்சியில் அதை வைக்கவே இல்லை, அசல் தொட்டியும் தொலைந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை நகல்கள், லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருப்பது, ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக்காரர் அன்று எடுத்த படத்தைப் பார்த்து, டுஷாம்ப் சம்மதத்தோடு 1964இல் கையால் செய்த சுடுமண் வேலை. ஆக, நீங்கள் கேட்கிற கை அதில் இருக்கிறது. அனட்சுயியின் மூடிகளைக் கோத்ததிலும் பெரும்பங்கு உதவியாளர்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உளிச்சத்தம்:
அப்படியானால் தொட்டியைச் செய்த கைவினைஞர் பெயரையும் பெயர்ச்சீட்டில் போடட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சைக்கிள்செயின்:
பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் பளிங்குச் சிலைகள் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர்கள் அவர் கூடத்துக் கல்வேலைக்காரர்கள். அங்கே பெயர்ச்சீட்டில் யார் பெயர் இருக்கிறது, சொல்லுங்கள்?