கிராமம் நகரமாகும்போது மக்களை எப்போது கேட்க வேண்டும்?

வரப்பு:
வயல் மனையாகி, கிராமம் பக்கத்து நகரத்தோடு சேரும் இடங்களில் புதுமை என்று முதலில் வருவது ஒரு செயலிதான். சாலையில் குழி இருந்தால் படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் அந்தச் சாலை எந்த வாய்க்காலை மூடிக்கொண்டு போகும் என்பதை நம்மைக் கேட்காமலேயே முடிவு செய்திருப்பார்கள். இதற்குப் போய் மக்கள் பங்கேற்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969லேயே பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கருத்துக் கேட்பது அதில் நடுப்படிதான்.

மட்டக்கோல்:
உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுப்பது கைதூக்கி முடிவு செய்கிற விஷயமா? ஓரிடத்தில் தவறினால் மேலே உள்ள தெருக்களிலெல்லாம் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம், கூட்டத்துக்கு வருகிறவர் யார்? நிலம் வைத்திருப்பவர், பேசத் தெரிந்தவர். வாடகைக்கு இருப்பவர் வருவதே இல்லை.

வரப்பு:
சரி, வாட்டத்தையே பேசுவோம். பாகிஸ்தானின் கராச்சியில் ஒராங்கி என்ற குடியிருப்புப் பகுதியில் அக்தர் ஹமீத் கான் 1980ல் தொடங்கிய திட்டத்தில் 20 முதல் 40 வீடு கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, தானே பணம் போட்டுக் குழாய் பதித்தது. மட்டம் பார்த்து, செலவுக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.

மட்டக்கோல்:
அதே ஒராங்கியில் பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்றுதானே பிரித்தார்கள்? சந்துக்குச் சரிப்பட்டதை முழு நகரத்துக்கும் நீட்டாதீர்கள்.

புதுக்குடி:
நான் வாடகைக்காரன், அதனால் சொல்கிறேன். எங்கள் பகுதியில் கூட்டம் வைத்தது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போனேன். அங்கே ஒரு வயதான விவசாயி வரைபடத்தில் விரலை வைத்து, "இரண்டு நாள் மழை பெய்தால் இங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும்" என்றார். குறித்துக்கொண்டார்கள், ஆனால் வரைபடம் அதற்கு முன்பே அச்சாகியிருந்தது. அவர் விரல் வைத்த இடத்தில்தான் இப்போது நான் குடியிருக்கிறேன், போன மழையில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைத்தேன்.

மட்டக்கோல்:
அவரை வரைவதற்கு முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. எந்த அளவைக் கருவியும் நாற்பது வருட மழையைப் பார்த்ததில்லை. பணத்தைப் பங்கிடும் முடிவையும் கூட்டத்திடம் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை, சத்தமாகப் பேசுகிறவர் பக்கமே பணம் போகும்.

வரப்பு:
பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989ல் தொடங்கி பட்ஜெட்டில் ஒரு பகுதியை மக்கள் முடிவுக்கு விட்டபோது, வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண் என்று விதியே வைத்தார்கள். சத்தமாகப் பேசுகிறவரைக் கட்டுப்படுத்த அப்படி ஒரு விதி போதாதா?

மட்டக்கோல்:
அந்த மதிப்பெண்ணை யார் போடுவது என்பதில் திரும்பவும் அதே சண்டை வரும்.

புதுக்குடி:
வரட்டும். அந்தச் சண்டையை மாலை ஏழு மணிக்கு வையுங்கள், நானும் வருகிறேன்.