அண்ணன் மகன் இந்திய லக்ராஸ் அணிக்கு முயல்கிறான், ரங்கூனில் பிறந்த அப்பச்சியின் காகிதம் செல்லுமா?

பள்ளத்தூரான்:

வணக்கம். இங்கே வீடு, கல்யாணம், பழைய சாமான் பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் கேட்கப் போவது விளையாட்டு சமாச்சாரம், ஆனால் சிக்கல் என்னவோ நம் ஊர்ச் சிக்கல்தான், அதனால் இங்கேயே போடுகிறேன்.

அண்ணன் குடும்பம் அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கிறது. மகனுக்கு 19 வயது, பிறந்தது அங்கேதான், அமெரிக்க பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது). பள்ளிக்கூட நாளில் இருந்து லக்ராஸ் ஆடுகிறான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கம்பு நுனியில் ஒரு வலைப்பை இருக்கும், அதில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்து, கடைசியில் கோல் போட வேண்டும். பந்து சின்னதுதான், ஆனால் கல் மாதிரி இருக்கும். போன தை மாதம் வந்திருந்தபோது தினமும் காலையில் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நின்று சுவரில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். சுவரில் அடித்துப் பழகுவதுதான் இந்த ஆட்டத்துக்கு அரிச்சுவடியாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த சுவர், நூறு வருஷமாகக் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது தோள் உயரத்தில் வட்ட வட்டமாகத் தடம். எங்கள் ஆத்தா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கம்மாய்ல போயி அள்ளுனா மீனாச்சும் கெடைக்கும், சொவத்துல என்னடா அள்ளுறே" என்று கேட்டுவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூர்வீகம் இந்தியா என்று காட்டினால் இந்திய அணியின் செலக்‌ஷனுக்குப் போகலாம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அம்மா அல்லது தாத்தா பாட்டி இந்தியர் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம், "சித்தப்பா, பெட்டியில் பாருங்கள்" என்றான். மாடியில் தகரப் பெட்டியை இறக்கி இரண்டு நாள் தூசியில் தும்மியதுதான் மிச்சம். பேரேடு இருக்கிறது, ஐந்தொகை இருக்கிறது, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தப் பத்திரம்) இருக்கிறது, கோவிலுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்பது) கட்டிய ரசீது கட்டுக்கட்டாக இருக்கிறது. பிறப்புச் சான்று மட்டும் இல்லை. அப்பச்சி (எங்கள் அப்பா) 1959ல் மலாயா போக எடுத்த பாஸ்போர்ட் கிடைத்தது, பிறந்த இடம் ரங்கூன், வருஷம் 1936. அண்ணன் பிறந்தது 1968ல், ஈப்போவில். பையனோ அமெரிக்காவில். மூன்று தலைமுறையும் பிறந்தது கடல் தாண்டி, வரி கட்டுவது மட்டும் இளையாத்தங்குடிக் கோவிலுக்கு. இதை வைத்துக்கொண்டு பூர்வீகம் இந்தியா என்று எப்படிக் காட்டுவது? அமெரிக்க பாஸ்போர்ட்டை விட வேண்டி வருமா? ஆனியில் வருவதற்கு டிக்கெட் போடட்டுமா என்று வேறு கேட்கிறான்.

டொராண்டோ தேவகோட்டை:

அண்ணே, எங்கள் வீட்டிலும் ஒரு கம்பு இருக்கிறது, அதனால் கை பரபரக்கிறது. கனடாவில் 1994ல் சட்டம் போட்டு குளிர்காலத்துக்கு ஐஸ் ஹாக்கி, கோடைக்கு லக்ராஸ் என்று இரண்டையும் தேசிய விளையாட்டு ஆக்கிவிட்டார்கள், இங்கே கோடையில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இதைத் தூக்கிக்கொண்டு திரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பை மாதிரிப் போட்டிகளை நடத்துவது உலக லக்ராஸ் சம்மேளனம். அங்கே பூர்வீக வழியில் ஆட்டக்காரர்களைச் சேர்க்க இடம் உண்டு, ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ அணிகளில் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். எத்தனை பேர், என்ன ஆதாரம் என்பதை அவன் குறிவைக்கும் போட்டியின் அறிவிப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஒலிம்பிக் கதை வேறு. 2028 லாஸ் ஏஞ்சலஸில் லக்ராஸ் உண்டு, கிரிக்கெட்டோடு சேர்த்து 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த கூட்டத்தில்தான் முடிவு செய்தார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் எந்த நாட்டுக்கு ஆடுகிறோமோ அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தே தீர வேண்டும், தாத்தா பேரைச் சொல்லி நுழைய முடியாது. அதுவும் ஆண்களில் ஆறே அணிகள், பெண்களில் ஆறே அணிகள், ஆகவே அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பாஸ்போர்ட் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆட்டமே வட அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது, ஹோடனோஷோனி மக்கள் இன்றைக்கும் தங்கள் பெயரிலேயே தனி அணியாக ஆடுகிறார்கள். 2010ல் மான்செஸ்டரில் உலகக் கோப்பை நடந்தபோது அவர்கள் தங்கள் சொந்த பாஸ்போர்ட்டில்தான் வருவோம் என்றார்கள், பிரிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களும் வேறு பாஸ்போர்ட் வாங்கவில்லை, போட்டிக்கே போக முடியாமல் நியூயார்க்கிலிருந்து திரும்பினார்கள். ஆட்டத்தைக் கொடுத்தவனுக்கே அந்தக் கதி.

ஒரு கேள்வி, தம்பி எந்த இடத்தில் ஆடுகிறான்? தடுப்பாட்டக்காரன் என்றால் ஆறடிக் கம்பு வைத்திருப்பான். அது பத்துப் பேர் ஆடும் பெரிய மைதான ஆட்டத்துக்கு. ஒலிம்பிக்கில் வருவது ஆறு பேர் ஆடும் சிக்ஸஸ், எட்டு நிமிஷம் வீதம் நான்கு கால்பகுதி, பந்து கைக்கு வந்து 30 விநாடிக்குள் கோலுக்கு எறிய வேண்டும், கோலியைத் தவிர எல்லாருக்கும் குட்டைக் கம்புதான். அணியில் மொத்தமே 12 பேர். செலக்‌ஷன் எந்த ஆட்டத்துக்கு என்று கேட்காமல் நீளக் கம்போடு வந்து இறங்கினால் வீண்.

ஓய்வுபெற்ற விஏஓ:

தம்பி பள்ளத்தூரான், இரண்டு நாள் தூசியில் தும்மினீர்கள் சரி, ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? பையனிடம் ஓசிஐ அட்டை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர், பாட்டன் பாட்டி வழியில் ஒருவராவது இந்தியர் என்று காகிதம் காட்டாமல் அந்த அட்டையைக் கொடுத்தார்களா? இப்போது நீங்கள் பெட்டியில் தேடுவதை அன்றைக்கே அண்ணன் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஃபைல் மேரிலாந்தில் இருக்கும், கேளுங்கள்.

அடுத்தது, அப்பச்சி ரங்கூனில் பிறந்தார் என்று கவலைப்படுகிறீர்கள். பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்ததே 1937 ஏப்ரல் 1ஆம் தேதிதான். 1936ல் ரங்கூனில் பிறந்தவர் அன்றைய கணக்குக்கு வெளிநாட்டில் பிறந்தவரே இல்லை. அது போகட்டும், 1959 பாஸ்போர்ட்டின் அட்டையில் என்ன முத்திரை இருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள், சிங்கமா கிரீடமா? சிங்கம் என்றால் அவர் இந்தியக் குடிமகன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தாயிற்று. புள்ளி ரசீதும் இசைகுடிமானமும் நம் நகரத்தார் சனத்துக்குள் பெரிய ஆதாரம், வெளியில் அவற்றை யாரும் ஏற்க மாட்டார்கள், பத்திரமாக உள்ளே வையுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் வழி, அப்பச்சி வழி என்றே போகிறீர்களே, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) எந்த ஊர்?

பள்ளத்தூரான்:

ஐயா, பதிலைப் படித்துவிட்டு வீட்டில் சிரிக்கிறார்கள். சிங்கம்தான். அண்ணமிண்டி ராயவரம், 1972ல் அங்கேயே பிறந்தவர். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை, பூர்வீகம் என்றதும் கை நேராக எங்கள் வீட்டுப் பெட்டிக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் கேட்டுப் பிறப்புச் சான்றின் படத்தை வாங்கினேன். அதில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று போட்டிருக்கிறது, ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம் ஆயிற்றே, தப்பாகப் பதிந்துவிட்டார்களோ?

ஓய்வுபெற்ற விஏஓ:

தப்பே இல்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தொண்டைமான் சமஸ்தானம், அப்புறம் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள், தனி மாவட்டமாக ஆனது 1974 ஜனவரியில். 1972 சான்று என்றால் திருச்சி என்றுதான் இருக்க வேண்டும், புதுக்கோட்டை என்று இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். இங்கே பள்ளத்தூர், காரைக்குடிப் பக்கமும் அப்படித்தான், 1985க்கு முந்தைய காகிதம் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். யாராவது திருத்தித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சான்று தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட, அண்ணமிண்டி அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோது இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருப்பார், ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். பிறந்த ஊரும் குடியுரிமையும் ஒரே ஏட்டில் இருக்கும், அது ஒன்றே போதும்.

ஈப்போ ஆச்சி:

காகிதம் கிடைத்தாயிற்று என்று சந்தோஷப்படுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும். எங்கள் நாத்தனார் மகள் வேறொரு விளையாட்டுக்கு இப்படித்தான் வெளிநாட்டிலிருந்து வந்தாள். டிக்கெட், தங்குமிடம், உடுப்பு எல்லாம் சொந்தக் காசு. மூன்று நாள் வெயிலில் ஓடவிட்டு, நன்றாக ஆடினாள் என்றும் சொல்லிவிட்டு, நான்காம் நாள் காலையில்தான் இந்திய பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். படிவத்தில் அவள் முதல் வரியிலேயே எழுதியிருந்தாள், யாரும் படிக்கவில்லை.

2008 கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் சொல்லிவிட்டது, இந்தியாவுக்கு ஆட இந்திய பாஸ்போர்ட் வேண்டும், ஓசிஐ போதாது என்று. அதற்கு முன்னால் டென்னிஸில் பிரகாஷ் அமிர்தராஜ் அமெரிக்கக் குடிமகனாக இருந்துகொண்டே டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார், அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். கால்பந்தில் அராத்தா இசுமி அப்பா வழி இந்தியர், ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு வந்துதான் 2013ல் இந்தியச் சட்டை போட முடிந்தது. ஆகவே உலக சம்மேளனம் விட்டாலும் இங்கே விடுவார்களா என்பதுதான் உங்கள் கேள்வி. இந்திய லக்ராஸ் சங்கத்துக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். தொலைபேசியில் "வாங்க பார்க்கலாம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடியுரிமை மாற்றுவதும் நினைத்த மாத்திரத்தில் ஆகாது. ஓசிஐ எடுத்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவிலேயே குடியிருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமையையும் விட வேண்டும், இந்தியா இரண்டு குடியுரிமைக்கு இடம் கொடுக்காது. அப்புறம் பெற்ற தாயைப் பார்க்கப் போக விசா வரிசையில் நிற்க வேண்டும். அண்ணன் ஈப்போவில் பிறந்ததால் மலேசியா பக்கம் முயலலாமே என்று யாராவது கிளப்புவார்கள், நானே ஈப்போக்காரி, சொல்கிறேன், மலேசியாவும் இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை. 19 வயதுப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம்.

டொராண்டோ தேவகோட்டை:

ஆச்சி சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் தேசிய அணி ஒன்றுதான் வழி என்று இல்லை. இந்தியாவில் இந்த ஆட்டம் இப்போதுதான் முளைவிடுகிறது, ஆடத் தெரிந்த கையைவிடச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் இங்கே பஞ்சம். பயிற்சி கொடுக்க வருகிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள். அதையும் முதலில் எழுத்தில் கேட்டு, ஓசிஐ அட்டையோடு செய்யலாமா என்று பார்த்துக்கொண்டு வரட்டும்.

பள்ளத்தூரான்:

நேற்று இரவு பேசினேன். அண்ணமிண்டியின் ரத்தான பாஸ்போர்ட் அவர்கள் வீட்டு அடுப்படி இழுப்பறையில், வடாம் அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பையன் தடுப்பாட்டக்காரன்தான், ஆறடிக் கம்புதான். குட்டைக் கம்பு என்றதும் முகம் சுருங்கியது, அப்புறம் நண்பனிடம் ஒன்று கடன் வாங்கியிருக்கிறானாம். அமெரிக்க பாஸ்போர்ட்டை விட அவனுக்கு மனசில்லை, அதை நேராகவே சொல்லிவிட்டான், எனக்கும் அதுதான் நிம்மதி. சங்கத்துக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை எல்லாம் சேர்த்து மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தேன், பயிற்சி விஷயத்தையும் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறோம். பதில் வரட்டும்.

எப்படியும் ஆனியில் வருவான், செலக்‌ஷனுக்கு இல்லாவிட்டாலும் அப்பத்தாவைப் பார்க்க. ஆத்தா இப்போதே இரண்டாம் கட்டில் கிடந்த பழைய ஜமுக்காளத்தை எடுத்து வளவுச் சுவரில் கட்டச் சொல்லிவிட்டார். ஜமுக்காளத்தில் பட்டால் பந்து திரும்பி வராது ஆத்தா என்றேன். அதற்குத்தான் கட்டச் சொல்கிறேன் என்றார்.