புதுப்பிப்பு: ரைபிள் போல்ட் இறுக்கம் தீர்ந்தது, குறை எண்ணெயில் இல்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: பாயிண்ட் 22 ரைபிளின் போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் நகரும் பாகம்) இறுகிக்கொண்டே போகிறது, டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தும் சரியாகவில்லை, வேறு எந்த எண்ணெய் போடலாம் என்று. "முதலில் கழுவு, அப்புறம் எண்ணெயைப் பற்றிப் பேசலாம்" என்றவர்கள் சொன்னதுதான் சரி.

மேகஜினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு போல்ட்டை உருவினேன். ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) ஓடும் தடத்தில் தேன் பதத்தில் பழுப்புப் பிசின். பழைய எண்ணெய், மருந்துக் கரி, தோட்டாவின் மெழுகு எல்லாம் சேர்ந்த குழம்பு. அதன் மேலேதான் இத்தனை நாளும் ஸ்பிரே அடித்திருக்கிறேன். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டப் பிறந்தது. பெயரின் அர்த்தமே அதுதான்: டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட். கரைப்பான் ஆவியானபின் மிஞ்சும் மெல்லிய படலம் உரசலுக்கு நெடுநாள் தாங்காது.

சால்வென்ட்டில் கழுவித் துடைத்தபின், உலோகம் பளபளவென்று தேய்ந்திருக்கும் இடங்களில் மட்டும் சிஎல்பி எண்ணெய் (சுத்தம், வழவழப்பு, துருக்காப்பு மூன்றுக்குமான துப்பாக்கி எண்ணெய்) ஒவ்வொரு சொட்டு. காக்கிங் சரிவில் (போல்ட்டைத் திருப்பும்போது ஃபயரிங் பின்னைப் பின்னுக்குத் தள்ளும் சரிவு) துளி கிரீஸ். ஃபயரிங் பின் தடத்தைக் கிட்டத்தட்ட உலர்வாகவே விட்டேன். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் ஃபயரிங் பின் மந்தமாகி, தோட்டா வெடிக்காமல் போகலாம். குழலுக்குள் மெல்லிய பூச்சு, அதையும் சுடும் முன் துடைத்துவிடுவேன்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கும் இந்த எண்ணெயையே போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கம்ப்ரெஷன் சேம்பருக்குள் (காற்று அழுத்தப்படும் அறை) வேண்டவே வேண்டாம். அழுத்தச் சூட்டில் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும், சீல் போய்விடும்.

நேற்று 100 ரவுண்டு சுட்டேன். போல்ட் ஒரு விரலுக்கே வருகிறது.