கடத்திக்குள் மின்புலம் சுழி என்றால் கம்பியில் கரண்ட் எப்படி ஓடுகிறது?

கடைசி_பெஞ்ச்:
நிலைமின்னியல் பாடத்தில், கடத்தியின் உள்ளே மின்புலம் சுழி என்று போட்டிருக்கிறது. அடுத்த பாடத்திலேயே, கம்பிக்குள் மின்புலம் இருப்பதால்தான் எலக்ட்ரான்கள் நகர்கின்றன என்கிறார்கள். அதே செம்பு, அதே எலக்ட்ரான். டியூஷனில் கேட்டால் "கடத்தி புலத்தை உள்ளே விடாது, எழுதிக்கோ" என்று முடித்துவிட்டார்கள். எதுதான் சரி?

பழைய_வாத்தியார்:
தம்பி, இரண்டு பாடமும் சரி. அந்த "உள்ளே விடாது" தான் தப்பு. புலம் உள்ளே வரத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு எதிராக இன்னொரு புலம் உண்டாகி இரண்டும் கழிந்துபோகின்றன. 1 சென்டிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டை, மீட்டருக்கு 1000 வோல்ட் உள்ள புலத்தில் குறுக்கே நிறுத்து. கட்டுறா எலக்ட்ரான்கள், அதாவது எந்த அணுவோடும் ஒட்டாமல் அலைகிறவை, புலத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்து ஒரு முகத்தில் சேரும், மறு முகத்தில் நேர்மின்னூட்டம் மிஞ்சும், இந்த இரண்டு முகங்களும் சேர்ந்து உள்ளே எதிர்ப்புறமாக ஒரு புலத்தை உண்டாக்கும். அது 999 ஆக இருக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். 1000 ஆனதும் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, நின்றுவிடும். இதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 55 லட்சம் எலக்ட்ரான் போதும். பெரிய கூட்டமாகத் தெரியும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இருப்பதோ 8.5 × 10²². மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது நாலு சொட்டு எடுத்த மாதிரி.

கம்பி விஷயம் வேறு. ஒரு முனைக்கு வந்து சேரும் எலக்ட்ரானை பேட்டரி வாங்கி மறுமுனையில் விட்டுக்கொண்டே இருக்கிறது, குவிந்து நிற்க விடுவதே இல்லை. புத்தகத்தில் "நிலைமின் சமநிலையில்" என்று ஒரு சொல் இருக்கும் பார், மின்னூட்டம் நகர்வது நின்றபிறகு என்று அர்த்தம், எல்லாரும் தாண்டிப் போவது அதைத்தான்.

ஒயரிங்_அண்ணன்:
கம்பிக்குள் இருக்கும் புலத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம், பெயர்தான் வேறு, ட்ராப் என்போம். 100 மீட்டர் தள்ளி இருக்கும் மோட்டாருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் இழுத்து 10 ஆம்பியர் போனால், போக வர 200 மீட்டர், கிட்டத்தட்ட 14 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். மீட்டருக்கு 0.07 வோல்ட். சார் சொன்ன 1000 எங்கே, இது எங்கே!

கடைசி_பெஞ்ச்:
சரி, புரிகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் ஒன்று, கடத்திக்குள் புலம் இருக்காதே என்று எவர்சில்வர் டப்பாவுக்குள் போனை வைத்து மூடி, அம்மா போனில் இருந்து கூப்பிட்டேன். ஜோராக ரிங் வருகிறதே?

பழைய_வாத்தியார்:
மூடி இடுக்கைப் பார். போனுக்கு வருவது நிலையான புலம் இல்லை, நொடிக்குப் பல கோடி தடவை திசை மாறுகிற அலை. துளி இடுக்கு நீளவாக்கில் இருந்தாலே உள்ளே நுழைந்துவிடும். நிலையான புலத்துக்கு ஃபாரடே 1836-ல் செய்து காட்டினார்: 12 அடிக் கூண்டு கட்டி, வெளியே தீப்பொறி பறக்கப் பறக்க, உள்ளே மின்காட்டியோடு (மின்னூட்டம் இருந்தால் அசைந்து காட்டும் கருவி) உட்கார்ந்திருந்தார், ஒன்றும் அசையவில்லை. நீ அலுமினிய ஃபாயிலை இடுக்கே இல்லாமல் சுற்றிப் பார்.

கடைசி_பெஞ்ச்:
மூன்று சுற்று சுற்றினேன் சார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறேனாம். போன் என் மடியில்தான் இருக்கிறது.