முதல் 58 பக்கத்தை வெட்டச் சொல்கிறார்கள், கை வரவில்லை

வெண்ணாறு:
வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நாலு வருடமாக, பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். 1,14,000 சொற்கள். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல்தான் களம். எல்லாம் அப்பாயி, அப்பாவைப் பெற்றவள், சொல்லக் கேட்டது.

சிக்கல் என்னவென்றால், புயல் வருவதே 59ஆம் பக்கத்தில். அதற்கு முன்னால் தாத்தா கல்யாணம், மாடு வாங்கியது, பங்காளிச் சண்டை என்று நாலு அத்தியாயம் ஓடுகிறது. தம்பி முப்பதாம் பக்கத்தில் "அப்புறம் படிக்கிறேன்க்கா" என்று வைத்தவன்தான். தோழி நன்றாக இருக்கிறது என்றாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வாள். ஒரு பதிப்பாளர் மட்டும் ஒரே வரியில் பதில் போட்டார்: "புயலில் ஆரம்பியுங்கள்."

ஆனால் அந்த நாலு அத்தியாயத்தில்தான் அப்பாயி நடமாடுகிறாள். எதை வைத்துக்கொண்டு எதை எடுப்பது? எனக்கே பிடித்த ஒரு இடத்தைக் கீழே ஒட்டுகிறேன். இந்தத் தரத்துக்கு மற்றதைக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

"நிலா வெளிச்சத்தில் ஊரே கடலாகத் தெரிந்தது. கோயில் மண்டபத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்ற செல்லம்மா, தன் செவலைப் பசுவின் கொம்புகள் மட்டும் தண்ணீருக்கு மேல் மெல்ல மெல்ல விலகிப் போவதைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தாள்."

ஈரடி:
வெட்டுகிறதை அழிக்காதீர்கள், வேறு ஃபைலில் போட்டு வையுங்கள். பாதி வலி அதிலேயே போய்விடும். நான் அப்படிப் போட்டு வைத்த ஃபைலை இதுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

மெய்ப்புக்காரன்:
டீச்சர், 26 வருடம் அச்சகத்திலும் பதிப்பகத்திலும் பிழை திருத்தியவன் நான். கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு நிலா கிடையாது.

புயல் கரை கடந்தது நவம்பர் 12 அதிகாலை. முதல் நாள்தான் அமாவாசை. தீபாவளி முடிந்த கையோடு வந்த புயல் அது. நிலா இருந்திருந்தாலும் அந்த மேகத்துக்குள் எங்கே தெரியப் போகிறது? தேதி தப்பு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்த நிலாவை அப்பாயி சொன்னாரா, இல்லை நீங்கள் பார்த்த சினிமாவிலிருந்து வந்ததா? யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்தியில் எனக்குப் பிடிக்காதது எல்லாமே, "மெல்ல மெல்ல", "கண்ணீரோடு" உட்பட, அந்த வெளிச்சத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஒரு தனி நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தேதி, கிழமை, திதி, வயலில் என்ன பயிர், யாருக்கு என்ன வயது. நான் பார்த்த ஒரு கைப்பிரதியில் கதாநாயகிக்குப் பதினான்கு மாதம் கர்ப்பம். எழுதியவர் பேராசிரியர். உங்களுடையதில் நாகை கலெக்டர் வந்தால் அடித்துவிடுங்கள்; மாவட்டம் பிரிந்ததே 1991இல், அப்போது தஞ்சாவூர் கலெக்டர்தான். ஐப்பசியில் யாராவது சம்பா அறுத்தாலும் அடியுங்கள், அது தை மாத வேலை.

58 பக்கத்துக்கு வருகிறேன். பிரிண்ட் எடுங்கள், திரையில் இந்த வேலை ஆகாது. ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு ஒரே கேள்வி: இதில் இருக்கும் எந்தப் பொருள், எந்த வார்த்தை, எந்த வன்மம் புயல் ராத்திரியில் திரும்ப வருகிறது? வந்தால் ஓரத்தில் ஒரு டிக். டிக் இல்லாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போகட்டும். பதிப்பாளர் சொன்னபடி மொத்தத்தையும் தூக்கினால், மண்டபத்தில் நிற்கிற பெண் யார் என்றே தெரியாது. யாரென்று தெரியாதவள் மாடு போனால் எனக்கென்ன?

ஒற்றுப்பிழை கடைசியில். முதலில் ஒற்றுப் போட்டு அழகு பார்த்துவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க யாருக்கும் மனசு வராது.

வெண்ணாறு:
ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு மூன்று நாள் ஃபைலைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவைக் கேட்டேன். "நிலாவா? கை எங்க இருக்குன்னே தெரியலன்னுல்ல அம்மா சொல்லும்" என்றார். நாலு வருடத்தில் இதை ஒருமுறை கேட்டிருக்கலாம்.

மாற்றி எழுதியிருக்கிறேன்: "ஒரே இருட்டு. பசுவின் கழுத்து மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது தூரமாகப் போயிற்று. பிறகு நின்றுபோயிற்று." பரவாயில்லையா?

தாழங்காடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வேதாரண்யம். 2018 நவம்பரில் கஜா கரை கடந்த ராத்திரி வீட்டுக்குள்தான் இருந்தோம். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அண்ணன் கத்தியதே எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஓடு எங்கள் வாசலில் விழுந்து நொறுங்கியதை விடிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மணிச் சத்தமெல்லாம் வாய்ப்பே இல்லைங்க.

மெய்ப்புக்காரன்:
எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். 26 வருடம் வீண். வேதாரண்யம் தம்பி சொல்வது சரி.

வெண்ணாறு:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பிரிண்ட் எடுத்து, டிக் போட்டு, சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வீட்டில் திட்டு வாங்கி முடித்தாயிற்று. 58 பக்கம் 21 ஆகியிருக்கிறது. தாத்தா கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் மட்டும் பதினோரு பக்கம் இருந்தார். அவருக்கு ஒரு டிக்கூட விழவில்லை. ஈரடி சொன்ன மாதிரி தனி ஃபைலில் உட்கார வைத்திருக்கிறேன், நான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

வேறு கூத்துகளும் உண்டு. "மெல்ல" என்று தேடினால் 214 இடம் காட்டியது. "மெல்லிய" எல்லாம் அதில் சேர்த்தி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்; கழித்த பிறகும் 170க்குக் குறையவில்லை. அப்பாயி ஒரு பக்கத்தில் "வந்துச்சு" என்கிறாள், அடுத்த பக்கத்தில் "வந்திச்சு". வீட்டில் பழைய கேசட் எதுவும் இல்லை, அப்பா பேசுவதைக் கேட்டு "வந்துச்சு" என்றே வைத்துவிட்டேன்.

இருட்டிலும் பார்க்க முடியாது, காற்றில் கேட்கவும் முடியாது என்று ஆன பிறகு செல்லம்மாவிடம் மிச்சம் இருந்தது கைதான். 34ஆம் பக்கத்தில் மாடு வாங்கி வந்த அன்றைக்கு அவள் திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் நாரில் கயிறு திரிக்கிற ஒரு இடம் உண்டு. தம்பி படிக்காமல் விட்ட பகுதி. அதற்கு டிக் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. இப்போது இப்படி இருக்கிறது:

"எதுவும் தெரியவில்லை. எதுவும் கேட்கவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிறு இழுத்தது. செல்லம்மா தூணோடு சாய்ந்து இழுத்துப் பிடித்தாள். இன்னொரு முறை இழுத்தது. அப்புறம் தொய்ந்தது."

போன வாரம் தம்பிக்குத் திரும்பக் கொடுத்தேன். ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தான். "அக்கா, அந்தக் கயிறு திரிக்கிற இடம் எத்தனாவது பக்கம்? திரும்பப் பார்க்கணும்" என்றான். 34 என்று சொல்ல வாயெடுத்தேன். இப்போது அது 12.