மஞ்சள் லேபிளா, வெள்ளை லேபிளா? (ஈ.பி. குடும்பம் குழு)

கதிர், மாலை 6:40
[படம்]
மாமா, அக்கா, நாளைக்குக் காலைல எண்ணூர் பக்கம் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன்ல பின் இன்சுலேட்டர் (கம்பியைத் தாங்கற பீங்கான்) மாத்தற வேலை. ஹாட்லைன்தான், கரன்ட் நிக்காது. ஸ்டோர்ல குடுத்த ரப்பர் கையுறை இது. லேபிள் வெள்ளைக் கலர். போட்டுக்கலாமா?

பானு அக்கா, மாலை 6:42
வேணாம். வெள்ளைன்னா கிளாஸ் 1. அதிகபட்சம் 7,500 வோல்ட்தான். 11 கே.வி.க்கு மஞ்சள் லேபிள், கிளாஸ் 2 கேளு. அது 17,000 வரைக்கும்.

கதிர், மாலை 6:43
லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல 6.35 கே.வி.தானே, 7.5 தாராளமாப் போதும்னு ஸ்டோர்ல சொல்றாங்க அக்கா.

செல்வம் மாமா, மாலை 6:47
அந்தக் கணக்கை யாரும் கம்பத்து மேல போடக்கூடாது கண்ணா. 11-ஐ மூணோட வர்க்கமூலம் 1.732-ஆல வகுத்தா 6.35 வரும், சரிதான். ஆனா வி கிராஸ் ஆர்ம்ல (கம்பத்து உச்சில கம்பிகளைத் தாங்கற வி வடிவ இரும்பு) ஒரு பேஸ்ல (மூணு கரன்ட் கம்பில ஒண்ணு) கை வச்சிருக்கும்போது அடுத்த பேஸும் கைக்கெட்டற தூரத்துலதான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கை மாட்டினா முழு 11 கே.வி.யும் கையுறை மேல விழும். எப்பவும் பேஸுக்கு பேஸ் வோல்டேஜை வச்சுதான் கையுறை எடுக்கணும்.

பானு அக்கா, மாலை 6:50
கலரை மனப்பாடம் பண்ணிக்கோ. சிவப்பு 1,000 வோல்ட். வெள்ளை 7,500. மஞ்சள் 17,000. பச்சை 26,500. ஆரஞ்சு 36,000. 33 கே.வி. லைனுக்கு ஆரஞ்சு. 110, 230 கே.வி.க்கெல்லாம் ரப்பர் கையுறையே கிடையாது. அங்க ஹாட் ஸ்டிக் (கரன்ட் கடத்தாத நீள ஃபைபர் கட்டை), இல்லன்னா பேர் ஹேண்ட் முறை.

சின்ன அத்தை, மாலை 6:52
பேர் ஹேண்ட்னா வெறுங்கையா? 230 கே.வி.யையா?

செல்வம் மாமா, மாலை 6:56
ஆமாம்மா. கம்பியில உக்காந்திருக்கற காக்கா கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழை கலந்து நெய்த சூட் போட்டு, இன்சுலேட்டட் ஏணியில கம்பிகிட்ட போவாங்க. சூட்டோட கிளிப்பை முதல்ல கம்பியில மாட்டிடுவாங்க. ஆளும் கம்பியும் ஒரே வோல்டேஜ்ல ஆனப்புறம் ஆள் வழியா கரன்ட் போக வழியில்ல. ஆனா அந்த நேரத்துல டவர் இரும்பு கிட்ட வந்துடக்கூடாது. பெங்களூர்ல ஹாட்லைன் டிரெயினிங் சென்டர் இருக்கு, அதுல தேறினவங்கதான் இதைச் செய்யலாம். கதிருக்கு இப்ப அது வேணாம்.

கதிர், மாலை 6:58
கையுறைல டெஸ்ட் தேதி மார்ச்னு போட்டிருக்கு அக்கா.

பானு அக்கா, மாலை 7:03
இப்ப நவம்பர். 8 மாசம். பயன்பாட்டுல இருக்கற கையுறையை 6 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்டுக்கு அனுப்பணும். கலர் சரியா இருந்திருந்தாக்கூட இந்த ஜோடியைத் திருப்பித்தான் குடுக்கணும்.

லேப்ல என்ன பண்றோம்னா, கையுறைக்குள்ள தண்ணி ஊத்தி, அதைத் தண்ணித் தொட்டியில முக்கி, உள்ள இருக்கற தண்ணிக்கும் வெளித் தண்ணிக்கும் நடுவுல வோல்டேஜ் குடுப்போம். கிளாஸ் 2-க்கு 20,000 வோல்ட். கசிவு எத்தனை மில்லி ஆம்பியர்னு மீட்டர் காட்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கயே பொத்துக்கும். 20,000 தாங்கிச்சுங்கறதுக்காக 20,000-ல வேலை செய்யலாம்னு நினைச்சுடாதே, வேலைக்கு 17,000-தான்.

கதிர், மாலை 7:05
தேதி சரியா இருந்தா நேரா மாட்டிக்கலாமா?

பானு அக்கா, மாலை 7:11
தினமும் காலைல காத்து டெஸ்ட் பண்ணிட்டுதான். கஃப்பை (கையுறையோட வாய்ப் பக்கம்) விரல் பக்கமா இறுக்கிச் சுருட்டு, காத்து உள்ள மாட்டி விரலெல்லாம் உப்பும். கன்னத்துகிட்ட வச்சு லேசா அமுக்கு. ஓட்டை இருந்தா காத்து கன்னத்துல படும், "ஸ்ஸ்"னு சத்தம் கேக்கும். விரல் சந்துகளை இழுத்துப் பாரு. காஞ்ச ஏரி மண்ணுல விழற மாதிரி மெல்லிசு மெல்லிசா கோடு தெரிஞ்சா அது ஓசோன் வெடிப்பு (காத்துல இருக்கற ஓசோன் ரப்பரை அரிக்கறது). ரப்பரை மடிச்சு வச்சா மடிப்புலதான் அது முதல்ல வரும். உள்பக்கத்தையும் வெளியே திருப்பிப் பாக்கணும், பாதிப் பேர் இதை விட்டுடறாங்க.

கையில வாசலின், எண்ணெய், கிரீஸ், டீசல் எதுவும் இருக்கக்கூடாது. ரப்பர் ஊறிப் போயிடும்.

செல்வம் மாமா, மாலை 7:15
தோல் கையுறை மேல போடறது மறக்காதே. ரப்பரை ஒயர் குத்தாம அதுதான் காப்பாத்தும். அதோட கஃப் ரப்பரோட கஃப்பைவிடக் குட்டையா இருக்கணும், கிளாஸ் 2-க்கு குறைஞ்சது 5 சென்டிமீட்டர். நம்ம ஊர் வேர்வையில தோல் கையுறை நனைஞ்சா அது கரன்ட் கடத்தும். அந்த 5 சென்டிமீட்டர் ரப்பர்தான் தோல் கையுறைக்கும் உன் முழங்கைக்கும் நடுவுல இருக்கற வேலி. உள்ள பருத்தி உறை போட்டுக்கோ, மாத்து ஜோடி ரெண்டு எடுத்துட்டுப் போ.

கதிர், மாலை 7:17
ஹாட் ஸ்டிக் 2 இருக்கு. மேல கொஞ்சம் தூசி.

செல்வம் மாமா, மாலை 7:24
தூசி சும்மா தூசி இல்ல. எண்ணூர்ல கடல் உப்பு, சாம்பல் ரெண்டும் கலந்து படியும். காஞ்சிருக்கற வரைக்கும் பெருசா தெரியாது. பனியோ தூறலோ பட்டா உப்பு கரைஞ்சு கட்டை மேலயே கரன்ட்டுக்குப் பாதை போட்டுடும். இன்சுலேட்டர் வெடிக்கறதுக்கும் இது ஒரு காரணம்.

சுத்தமான காஞ்ச பருத்தித் துணியால முழுசா துடை. அப்புறம் சிலிகான் துணி. ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாரு, தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நின்னா சரி. படலமாப் பரவினா அந்தக் கட்டையை ஓரமா வை. கீறல் இருந்தாலும் வேணாம், கீறலுக்குள்ள ஈரம் தங்கும். ரோட்டுல கிடத்தாதே, ஸ்டாண்ட் இல்லன்னா தார்ப்பாய் விரி.

பானு அக்கா, மாலை 7:26
கட்டைக்கும் டெஸ்ட் தேதி பாரு. அமெரிக்க விதிப்படி 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அடிக்கு 75 கே.வி. வச்சு 1 நிமிஷம்.

சின்ன அத்தை, மாலை 7:28
எல்லாம் சரி, அரை மணி நேரம் கரன்ட்டை நிறுத்திட்டே செய்யக்கூடாதா?

செல்வம் மாமா, மாலை 7:36
நிறுத்த முடிஞ்சா நிறுத்தறதுதான் நல்லதும்மா. ஆனா எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கிட்டா மட்டும் லைன் செத்துடாது. ஏ.பி. சுவிட்ச்ல (கம்பத்துல லைனைத் துண்டிக்கற சுவிட்ச்) மூணு பிளேடும் திறந்திருக்கான்னு கண்ணால பாக்கணும், ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கறது உண்டு. யாரோ அபார்ட்மென்ட்ல சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஈ.பி. கரன்ட்டா ஜெனரேட்டரான்னு மாத்தறது) சரியில்லாம ஜெனரேட்டர் ஓட்டினா, டிரான்ஸ்பார்மர் தலைகீழா வேலை செஞ்சு 415 வோல்ட்டை 11,000 ஆக்கி லைனுக்கு அனுப்பும்.

அதனால டிடெக்டரை (லைன்ல கரன்ட் இருக்கான்னு காட்டற கருவி) முதல்ல கரன்ட் இருக்கற இடத்துல வச்சுப் பாத்து, அப்புறம் நம்ம லைன்ல, மறுபடி கரன்ட் இருக்கற இடத்துல. டிடெக்டரே செத்திருந்தா லைன் செத்த மாதிரிதான் காட்டும். அப்புறம் எர்த் ராடு, லைனை எர்த்தோட இணைக்கறது. மாட்டும்போது எர்த் பக்கம் முதல்ல, கம்பி பக்கம் பின்னால. கழட்டும்போது கம்பி முதல்ல, எர்த் கடைசி. மாத்திச் செஞ்சா ராடு பிடிச்ச ஆளே எர்த் ஆயிடுவான்.

கதிர், மாலை 7:38
நாளைக்கு பக்கெட் வண்டி (ஆளைக் கூடையில தூக்கற வண்டி) மாமா. வேற என்ன பாக்கணும்?

செல்வம் மாமா, மாலை 7:47
ஏறறதுக்கு முன்னாடி சப்ஸ்டேஷன்ல அந்த ஃபீடருக்கு (அங்கிருந்து வர்ற லைன்) ஆட்டோ ரீக்ளோஸ் (ட்ரிப் ஆனா தானா திரும்பக் கரன்ட் போடறது) ஆஃப் பண்ணிட்டாங்களான்னு கேட்டு, சொன்னவர் பேரையும் நேரத்தையும் எழுதிக்கோ. ட்ரிப் ஆனா உங்ககிட்ட கேக்காம திரும்பப் போடக்கூடாது.

பக்கெட் இன்சுலேட்டட்னு தைரியமா இருந்துடாதே. அது தரைக்குப் போற பாதையைத்தான் அடைக்கும். ரெண்டு பேஸுக்கு நடுவுல மாட்டினா அதால ஒண்ணும் செய்ய முடியாது. கிட்ட இருக்கற கம்பிக்கு முதல்ல கவர் போடு, அப்புறம் அடுத்தது. கிராஸ் ஆர்ம் இரும்புக்கும் ரப்பர் பிளாங்கெட் போடணும், அது எர்த்தோட சேர்ந்தது. எடுக்கும்போது தூரத்துல இருந்து கிட்ட.

முக்கியமா பைண்டிங் ஒயர் (கம்பியை இன்சுலேட்டரோட கட்டியிருக்கறது). அதுவும் கரன்ட்தான். அவுக்க அவுக்க நீளமா ஆடிக்கிட்டு கிராஸ் ஆர்ம்ல பட்டா அங்கயே ஃபிளாஷ். ஒவ்வொரு சுத்துக்கும் உடனே முறுக்கு மாதிரி சின்னதா சுருட்டிக்கிட்டே வா.

பானு அக்கா, மாலை 7:49
தூறலோ இடியோ இருந்தா ஏறாதீங்க. காலைல பனி ஈரம் காயற வரைக்கும் நில்லுங்க.

கதிர், மாலை 8:20
ஸ்டோர்ல பேசிட்டேன். மஞ்சள் லேபிள் ஒரு ஜோடி இருக்காம், அக்டோபர்ல டெஸ்ட் ஆனது. பையில மடிச்சு வச்சிருக்காங்களாம்.

பானு அக்கா, மாலை 8:21
மடிச்சா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அங்கயே மடிப்பை விரிச்சுப் பாரு, காத்தும் அடைச்சுப் பாரு. ரெண்டு கையும்.